குழந்தை மருத்துவ மேற்படிப்பில் மாநாட்டுக்கும் சிமுலேஷன் பயிற்சிக்கும் பணம் கட்டுவதற்கு முன்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் போன்ற ஊர்களின் தமிழ்க் குடும்பங்களிலிருந்து மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் இப்போது ஓரளவு இருக்கிறார்கள். ஆனால் மேற்படிப்புக்குள் நுழைந்த பிறகு எந்தப் பயிற்சிக்கு எப்போது போக வேண்டும், எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டக் கூடாது என்று சொல்லித் தர வீட்டிலும் உறவிலும் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. நான் கேரளத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்தவள். அந்த மூன்று ஆண்டுகளில் மாநாட்டுக்கும் உயிர்காப்புப் பயிற்சிக்குமாக என் கையிலிருந்து ஏறத்தாழ 46,000 ரூபாய் போயிற்று. அதில் 13,000 ரூபாய் முழுக்க வீண். பணத்தைவிட, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்த மாதங்கள்தான் இன்றும் எனக்கு வலிக்கின்றன. எனக்குப் பின்னால் வரும் பிள்ளைகள் அந்தத் தவிப்பைப் படக் கூடாது என்பதற்காகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

சேர்ந்த முதல் மாதத்தில் வார்டு, பிரசவ அறை, இரவு டியூட்டி என்று ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆய்வு முறையியல் படிப்பு, ஆராய்ச்சி அறநெறிப் படிப்பு, உயிர்காப்புப் பயிற்சி, மாநாட்டில் போஸ்டர் அல்லது கட்டுரை என்று ஒரு பட்டியலைத் துறை அலுவலகத்தில் வாயால் சொன்னார்கள். சீனியர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக விளக்கினார்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி விதிகளை இறக்கி நானே உட்கார்ந்து படித்த பிறகுதான் தெளிவு பிறந்தது. மாவட்ட மருத்துவமனை ஒன்றில் தங்கிச் செய்யும் மூன்று மாத மாவட்ட உறைவிடப் பணி மூன்று, நான்கு, ஐந்தாம் பருவங்களுள் (பருவம் என்பது அரையாண்டு) ஒன்றில் வரும். ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும், அதற்கு மேல் 5 நாள் கல்வி விடுப்பும் உண்டு. வருகைப் பதிவு நூற்றுக்கு எண்பது இருந்தாக வேண்டும். இந்த எண்களைத் தெரிந்துகொள்ளாமல் எந்த மாநாட்டுக்கும் பதிவு செய்யாதீர்கள். கல்வி விடுப்பு 5 நாள் என்றால் பயண நாளையும் அதற்குள்தான் அடக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் பயிற்சி ஒன்றும் மூன்று நாள் மாநாடு ஒன்றும் சேர்ந்தாலே அந்த ஆண்டின் கணக்கு முடிந்துவிடும்.

என் முதல் இழப்பு உயிர்காப்புப் பயிற்சியில் நேர்ந்தது. முதலாண்டு பி.ஜி.க்களின், அதாவது மேற்படிப்பு மாணவர்களின், வாட்சப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது: குழந்தைகளுக்கான உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சி, ஒரே நாள், சிமுலேஷன் (நெருக்கடியைப் பொம்மையை வைத்து நடித்துப் பழகும்) வசதியுடன், மாலையில் சான்றிதழ், கட்டணம் 9,500 ரூபாய். இடம் கோயம்புத்தூரில் ஒரு விடுதியின் அரங்கம். எங்கள் ஊரிலிருந்து வாளையார் வழியாக விடியற்காலைப் பேருந்தில் போய்விடலாம் என்பதே அப்போது பெரிய வசதியாகத் தோன்றியது. உதவித்தொகை வந்து சேராத மாதம் அது. அம்மா சீட்டு எடுத்துப் பணம் கொடுத்தார். அரங்கம் நிறைய ஆட்கள். மேடையில் ஒரேயொரு மேனிக்கின், அதாவது பயிற்சிப் பொம்மை. மதியம்வரை திரையில் படங்களைக் காட்டினார்கள். பிற்பகலில் வரிசையில் நின்று ஆளுக்குச் சில முறை மார்பை அழுத்திவிட்டு நகர்ந்தோம். சான்றிதழ் அழகான தாளில் இருந்தது. கல்லூரியில் கொடுத்தபோது, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்திலிருந்து வந்ததல்ல என்று திருப்பிவிட்டார்கள். அமைப்பாளரின் தொலைபேசி அதன் பின் எடுக்கப்படவே இல்லை. அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வராமல் பல வாரங்கள் இழுத்தேன். அந்த நாட்களின் கோபமும் அவமானமும் வார்டு வேலையிலும் என்னுடன் கூடவே வந்தன.

ஆகவே இதை நன்றாக மனத்தில் வையுங்கள். குழந்தைகளுக்கான உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சி, பால்ஸ் (PALS) என்று நாம் சொல்வது, அமெரிக்க இதய சங்கத்தினுடையது. முழு வகுப்பாக நடத்தினால் அது வழக்கமாக இரண்டு நாள் நடக்கும். வகுப்புக்கு முன்பே கையேட்டைப் படித்து, இணையத்தில் முன்மதிப்பீட்டுத் தேர்வை எழுதி, அதில் குறைந்தது 70 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். இறுதி எழுத்துத் தேர்வில் 84 விழுக்காடு தேவை. தேர்ச்சி பெற்றவருக்கு இரண்டு ஆண்டு செல்லுபடியாகும் மின்னட்டை கிடைக்கும். அதன் எண்ணைச் சங்கத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். விளம்பரத்தில் பயிற்சி மையத்தின் பெயரும் மின்னட்டை பற்றிய உறுதியும் இல்லையென்றால் பணம் அனுப்ப வேண்டாம். இந்திய குழந்தை மருத்துவக் கழகம் நடத்தும் உயிர்காப்பு வகுப்புகளும், தேசியப் பச்சிளங்குழந்தை மன்றத்தோடு சேர்ந்து நடத்தும் பச்சிளங்குழந்தை உயிர்மீட்பு வகுப்பும் நல்லவை, கட்டணமும் பெரும்பாலும் தாங்கக்கூடியது. எந்தச் சான்றிதழைத் துறை ஏற்கும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் ஒரு வரி பதில் இருந்தாலும் போதும். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், எத்தனை மேனிக்கின் என்று தயங்காமல் கேளுங்கள். ஆறு, ஏழு பேருக்கு மேல் போனால் உங்கள் கை வேலை செய்யாது, கண் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

சில மாதங்கள் கழித்து 12,000 ரூபாய் கட்டி, பாலக்காடு சந்திப்பிலிருந்து ரயிலேறி, கொச்சியில் முறையான மையம் ஒன்றில் அந்த இரண்டு நாள் பயிற்சியை முடித்தேன். அந்தப் பணத்துக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. மூச்சு விடுவது போல மார்பு ஏறி இறங்கும், அழும், நீலம் பாரிக்கும் குழந்தை மேனிக்கின் அங்கே இருந்தது. ஆனால் என்னை மாற்றியது அந்தப் பொம்மையன்று. குழுத்தலைவராக நிற்பவர் கட்டிலின் கால்மாட்டில் நிற்க வேண்டும், தானே கையை வைக்கக் கூடாது, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து வேலை கொடுக்க வேண்டும், வேலையைப் பெற்றவர் அதைத் திருப்பிச் சொல்லி, முடித்ததும் முடிந்தது என்று அறிவிக்க வேண்டும் என்னும் ஒழுங்குதான் மாற்றியது. வார்டில் நாங்கள் ஐந்து பேரும் ஒரே குழந்தையின் ஒரே கையில் ஊசி தேடிக்கொண்டிருப்போம். நேரத்தைப் பார்ப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். பயிற்சி மையத்தில், நெருக்கடியை நடித்துக் காட்டும் பத்து நிமிடக் காட்சி முடிந்ததும் அதைவிட நீண்ட நேரம் உட்கார வைத்துப் பேசவைத்தார்கள். ‘இதைச் செய்யும்போது உங்கள் மனத்தில் என்ன ஓடியது?’ என்று பயிற்றுநர் கேட்டார். வார்டு ரவுண்டில் திட்டு வாங்கியே பழகிய எனக்கு, யாரையும் சிறுமைப்படுத்தாத அந்த உரையாடலில் அழுகை வந்துவிட்டது. பயிற்சிக்குப் போகும் இடத்தில் இந்தப் பின்னுரையாடலுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அது இல்லாத சிமுலேஷனுக்கு என் கணக்கில் மதிப்பில்லை.

இன்னொன்று, பச்சிளங்குழந்தை வகுப்பையும் பால்ஸ் வகுப்பையும் அடுத்தடுத்த வாரங்களில் வைத்துக்கொள்ள வேண்டாம். பிரசவ அறையில் மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு. வார்டில் கைக்குழந்தைக்கு இருவர் சேர்ந்து செய்யும்போது பதினைந்து அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. ஒன்று கையில் படிந்த பிறகு மற்றதற்குப் போனால் இரண்டும் நிலைக்கும்.

முறையான பயிற்சிக்கும் நம் வார்டுக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதைப் பற்றி எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. வகுப்பில் ‘அட்ரினலின் கொடுங்கள்’ என்றால் பக்கத்தில் இருப்பவர் ‘கொடுத்தாயிற்று’ என்பார், காட்சி மேலே போகும். வார்டில் கையில் இருப்பது ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள சிறு ஆம்பூல், அதாவது கண்ணாடி மருந்துக் குப்பி. அதை உடைத்து, உறிஞ்சி, ஒன்பது மில்லி உப்புநீர் சேர்த்துப் பத்தாக்கி, ஊசிக்குழலில் பெயர் ஒட்டி, கிலோவுக்கு 0.1 மில்லி வீதம் எடுக்க வேண்டும். பத்துக் கிலோ குழந்தைக்குக் கரைத்த மருந்தில் ஒரு மில்லி. கரைக்காமல் அதே ஒரு மில்லி உள்ளே போனால் பத்து மடங்கு. மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய மருந்துக்கு, முதல் ஊசியைத் தயாரிக்கவே நம் வார்டில் எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே அச்சமாக இருக்கும். காலாவதியான ஆம்பூல்களைத் தூக்கிப் போடாமல் தனியே எடுத்து வைத்து, பயிற்சிக்கு மட்டும் என்று பெரிதாக எழுதி, இந்தக் கரைக்கும் வேலையைத் தூக்கக் கலக்கத்திலும் செய்யும் அளவுக்குப் பழகுங்கள். செவிலியர்களோடு சேர்ந்து பழகுங்கள், ஏனென்றால் பெரும்பாலான இரவுகளில் அதைச் செய்யப்போவது அவர்கள்தான்.

காட்சிகளின் உள்ளடக்கமும் அப்படித்தான். அங்கே எனக்குக் கிடைத்த காட்சிகளில் கடலை ஒவ்வாமையும் விளையாட்டு மைதானத்து விபத்தும் இருந்தன. மலையடிவாரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் மாவட்ட உறைவிடப் பணிக்குப் போனபோது என்னிடம் வந்தவர்கள் டெங்கு அதிர்ச்சியிலிருந்த (இரத்த ஓட்டம் குன்றிய நிலையிலிருந்த) பிள்ளைகள், மாந்தோப்புப் பூச்சிமருந்தைக் குடித்த பிள்ளைகள், தேள் கடித்த பிள்ளைகள். ஒருநாள் மாலை தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கப் போன சிறுவனைத் தேள் கொட்டி எடுத்து வந்தார்கள். உடல் முழுதும் வியர்வை, கைகால் ஜில்லென்று, நாடி பறந்துகொண்டிருந்தது. கைகால் குளிர்ந்து நாடி விரைந்தால் அதிர்ச்சி, அதிர்ச்சி என்றால் கிலோவுக்கு இருபது மில்லி திரவம் என்று பயிற்சிகள் நம் கைகளைப் பழக்கிவிடுகின்றன. தேள் நஞ்சில் அந்தக் குளிர்ச்சி இரத்தக் குழாய்கள் இறுகுவதால் வருவது. இதயத் தசையும் தளர்ந்திருக்கலாம். திரவத்தைக் கொட்டினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். மகாராஷ்டிரத்தின் மஹாடில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் நிலைநிறுத்திய பிரசோசின் மாத்திரைதான் அங்கே உயிர் காக்கும் மருந்து, கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். அந்த மருத்துவமனையின் மூத்த மருத்துவர் பக்கத்திலேயே நின்று, படுக்க வைத்தபடியே இரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து மருந்து கொடுக்க வைத்தார். விடிந்தபோது பையன் பசிக்கிறது என்றான். அவனுடைய பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நீ நல்லா இருக்கோணும் கண்ணு’ என்று சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

இதனால் பயிற்சி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. திரவம் கொடுப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்றுதான் சொல்கிறேன். 2011இல் வெளிவந்த ஃபீஸ்ட் ஆய்வு, கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் காய்ச்சலும் இரத்த ஓட்டக் குறைவுமாக வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தது. தீவிர சிகிச்சை வசதியில்லாத அந்த மருத்துவமனைகளில், விரைவாகத் திரவம் பெற்ற பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டவர்களும், பெறாதவர்களில் ஏழுக்குச் சற்று மேற்பட்டவர்களும் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள். அமெரிக்க இதய சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் கிலோவுக்குப் பத்து அல்லது இருபது மில்லி கொடுத்து, ஒவ்வொரு முறையும் குழந்தையை மறுபடி பார்த்துவிட்டுத்தான் மேலே போகச் சொல்கிறது. மறுபடி பார்ப்பது என்னும் அந்தப் பகுதிதான் வகுப்பின் அவசரத்தில் விடுபட்டுப்போகிறது. ஆகவே பயிற்சியிலிருந்து திரும்பிய வாரத்திலேயே, உங்கள் வார்டில் கடந்த ஆண்டு வந்த நோய்களை வைத்து மூன்று நான்கு காட்சிகளை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அருகே எந்த மருத்துவமனையில் வென்டிலேட்டர் உண்டு, ஆம்புலன்ஸ் எல்லை தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போகுமா திருச்சூருக்குப் போகுமா என்பதும் அந்தக் காட்சிக்குள் இருக்க வேண்டும்.

பேச்சும் இருக்க வேண்டும். பயிற்சி மையத்தில் கட்டளைகள் அனைத்தும் ஆங்கிலத்தில்; பெற்றோராக நடிப்பவரும் ஆங்கிலத்தில்தான் அழுவார். எங்கள் வார்டில் செவிலியர் கோட்டயத்துக்காரர், உதவியாளர் வண்ணாமடைக்காரர், குழந்தையின் அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். நெருக்கடியில் நான் தமிழில் கத்தினால் செவிலியர் சேச்சிக்குப் பாதிதான் புரியும். மலையாளத்தில் சொன்னால் வெளியே நிற்கும் பாட்டி எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். எங்கள் குழு, மருந்தின் பெயரையும் அளவையும் ஆங்கிலத்திலும், மற்ற வேலைகளை மலையாளத்திலும் சொல்வது, குடும்பத்தோடு தமிழில் பேச ஒருவரைத் தனியே நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டது. எல்லைப்பகுதியில் வேலை செய்யும் எந்தக் குழுவும் இதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மாநாட்டுக்கு வருகிறேன். நான்காம் பருவத்தில் என் ஆய்வுச் சுருக்கத்தைப் பெரிய மாநாடு ஒன்றுக்கு அனுப்பினேன். கட்டுரை வாசிப்பவர் முன்பதிவு செய்திருந்தால்தான் சுருக்கத்தையே பரிசீலிப்போம் என்றார்கள். முன்பதிவு 11,000 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி, மொத்தம் 12,980. மாநாட்டுக்கு முந்தைய நாள் நடக்கும் சிமுலேஷன் பயிலரங்குக்குத் தனியாக 3,500. தங்குவதற்கும் பயணத்துக்கும் ஏறத்தாழ 8,000. அந்த மாதம் எங்கள் துறையில் சிலர் மாவட்டப் பணிக்குப் போயிருந்ததால் டியூட்டிப் பட்டியல் கடைசி நேரத்தில் மாறி, பயிலரங்கு நாளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பணத்தைத் திரும்பப் பெறும் தேதி அதற்குள் கடந்துவிட்டது. போஸ்டரை அச்சிட வேண்டியதில்லை, நடைபாதைத் திரை ஒன்றில் சில நிமிடங்கள் காட்டினால் போதும் என்பதும் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இரவு விருந்தில் குழு குழுவாக நின்றவர்களுக்கு நடுவே யாரையும் தெரியாமல் தட்டை ஏந்தி நின்ற தனிமை பெரிய தனிமை. சொந்தக் கல்லூரி சீனியர் ஒருவராவது உடன் வரும் மாநாட்டை முதல் மாநாடாகத் தேர்ந்தெடுங்கள்.

மாநாடே வேண்டாம் என்பதன்று என் கருத்து. ஆய்வில் புள்ளிவிவரம் கைக்கு வந்த பிறகு, அதாவது இரண்டாம் ஆண்டின் பிற்பகுதியில், ஒன்றுக்குப் போனால் போதும். முதலாண்டில் அந்தப் பணமும் விடுப்பும் உயிர்காப்புப் பயிற்சிக்குப் போகட்டும். இறுதியாண்டு தேர்வுப் படிப்புக்குப் போகட்டும். தேசிய மாநாடான பெடிகான் 2024 ஜனவரியில் கொச்சியில் நடந்தது போல அருகில் வரும் ஆண்டுகள் உண்டு. பயணச் செலவு குறையும். குழந்தை மருத்துவக் கழகத்தின் மாநில, மாவட்டக் கிளைக் கூட்டங்களில் கட்டணம் குறைவு, கேள்வி கேட்க இடம் உண்டு, நாளை உங்கள் வார்டுக் குழந்தையை அனுப்பிவைக்கப் போகும் மருத்துவமனையின் ஆட்களை நேரில் பார்த்துக்கொள்ளலாம். பி.ஜி. கட்டணத்துக்குத் துறைத்தலைவரின் சான்றுக் கடிதம் கேட்பார்கள், அதை முன்பே வாங்கி ஸ்கேன் செய்து வையுங்கள். பயிலரங்கு நாளும் சேர்ந்த விடுப்பு ஆணை கையில் வராமல் பயிலரங்குக்குப் பணம் கட்டாதீர்கள்.

கடைசி ஆண்டில் நாங்கள் வார்டிலேயே தொடங்கிய பயிற்சிக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. செவிலியர் கல்லூரியின் பழைய மேனிக்கினைக் கையெழுத்துப் போட்டு வாங்கினோம். எலும்புக்குள் ஊசி போடும் பயிற்சிக்குக் கறிக்கடையில் பிராய்லர் கோழிக்கால் வாங்கினோம். பதினெட்டாம் எண் ஊசி எலும்பின் கெட்டியான ஓட்டைத் துளைத்து உள்ளே இறங்கும் அந்த நொடியை விரல் உணர்வதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. டியூட்டி மாறும் நேரத்தில் கால்மணி நேரம் காட்சி, அரைமணி நேரம் பேச்சு. முதல் முறை சேச்சிமார் தேர்வு வைக்கிறார்கள் என்று அஞ்சி ஒதுங்கினார்கள். இங்கே பேசுவது இந்த அறைக்கு வெளியே போகாது என்று துறைத்தலைவரே வந்து சொன்ன பிறகு மனம் திறந்தார்கள். ஆக்சிஜன் முகமூடியின் சிறிய அளவு எங்கள் வார்டின் அவசர மருந்துத் தள்ளுவண்டியில் இல்லவே இல்லை என்பதும், தொண்டைக்குள் பார்க்கும் கருவியான லாரிங்கோஸ்கோப்பின் பேட்டரி தீர்ந்திருப்பதும் அந்தப் பேச்சில்தான் வெளிவந்தன. ஒவ்வொரு பயிற்சியின் தேதி, வந்தவர்களின் கையெழுத்து, கண்ட குறை, அது சரிசெய்யப்பட்ட நாள் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வாருங்கள். புது மேனிக்கின் கேட்டு நிர்வாகத்துக்கு நாங்கள் அனுப்பிய கடிதம் பல மாதங்கள் அசையாமல் கிடந்தது. அந்தப் பதிவேட்டின் நகலை இணைத்து மறுபடி அனுப்பிய பிறகே கோப்பு நகர்ந்தது.